கிளை விடும் தப்பு

மத்தியானக் கூட்டம் குறைந்ததும் செருப்புக் கடை சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து விரலை ஆட்டினார். குழந்தைகள் பிரிவில் நின்றவள் தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

“ஆரம்பிச்சாச்சு மண்டகப்படி,” என்று கைப்பைப் பிரிவில் இருந்த அவள் தோழி பல்லைக் கடித்தாள். வாயும் வயிறுமாக இருப்பவளைத் தினமும் கூப்பிட்டுத் திட்டுகிறாரே, இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?

செய்த தப்பும் பெரிதாக இருக்காது. ஒரு ஜோடியை இடம் மாற்றி வைத்திருப்பாள், அவ்வளவுதான். அதற்கு அவர் ‘ரேமிஃபிகேஷன்ஸ்’ என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வார்த்தையைக் கேட்டுக் காது புளிக்காத ஆளே கடையில் இல்லை. அவருக்குப் பட்டப்பெயரே டிக்‌ஷனரி.

“பின்விளைவுகள்னு அர்த்தம். லத்தீன்ல ‘ரேமஸ்’னா மரக்கிளை. ஒரு தப்பு ஒண்ணோட நிக்காது, கிளை விட்டுப் போய்க்கிட்டே இருக்கும்.”

இதை வைத்துக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டுவார். திரும்பி வரும்போது இவள் கண் சிவந்திருக்கும். அழுதியா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

முதலாளிக்கோ பரம திருப்தி. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டு, மூலைக்கு மூலை கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். இப்படி ஒரு சூப்பர்வைசர் கிடைத்தால் கசக்குமா?

இன்று தோழிக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“சார், இது உங்களுக்கே...”

குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, அவள் நாற்காலியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில், வீங்கிய கால் இரண்டும் ஷூ பெட்டிகளின் மேல் இருந்தன.

சூப்பர்வைசர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, விரல் ஆட்டுவதையும் நிறுத்தாமல், மெல்லிய குரலில் சொன்னார்.

“கதவைச் சாத்திட்டுப் போம்மா, முழிச்சுக்கப் போறா. இந்தக் கடையில திட்டு வாங்கறவங்க மட்டும்தான் உட்கார முடியும்.”

தோழிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், எதிரில் முதலாளி.

“உள்ள என்ன நடக்குது?”

அவளும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

“திட்டு வாங்கறா சார். நல்லா வேணும் அவளுக்கு. நாளையிலேர்ந்து ஒரு மணி நேரமாத் திட்டச் சொல்லுங்க.”