பயிற்சிக்கு வந்த இராக்கம்மா

"இப்ப நான் வீடில்லாத ஒரு அம்மா. நீங்க என்னைய விசாரிச்சு வீட்டு விண்ணப்பத்த நிரப்புங்க சேர்," என்றாள் நிரஞ்சலா.

புவனேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடமாக ஹாலிஎலயில் தேயிலைத் தோட்டத்து மக்களுக்காகச் சங்கம் நடத்துகிற செயலாளர் அவர். வீடிழந்தவர்களுக்கு உதவும் சங்கங்களைப் பயிற்றுவிக்கப் பதுளை நிறுவனமொன்று அனுப்பிய பெண் இவள். வயது முப்பதுகூட இருக்காது. நாற்பது சங்கங்கள் பயிற்சி கேட்டிருக்க, தன் சங்கத்துக்கு ஏன் முதலில் வந்தாள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

"சரி, பேரச் சொல்லுங்க."

"இராக்கம்மாங்க."

"முகவரி?"

"நாங்க குடியிருந்த லயம் மண்சரிவுல போயிருச்சுங்க. நானும் மகளும் மேல்பிரிவு பிள்ளைக் காம்பராவுல படுக்குறோம்."

"அது புள்ளைங்கள பாத்துக்கிற எடம். அத முகவரின்னு எழுத ஏலாதே. தோட்ட ஆபீஸ் கடிதம் இருக்கா?"

"நோயில கெடந்தேங்க. வேலைக்கு வரலன்னு பேர வெட்டிட்டாங்க. கடிதம் தர மாட்டாங்களாம்."

"அங்க எப்பிடி இருக்கீங்க?"

"மழையின்னா முழுசா ஒழுகுதுங்க. தொட்டில் கட்டுற கம்பிக்குக் கீழ மட்டுந்தான் காஞ்சு கெடக்கும். அங்க மகளப் படுக்க வச்சிட்டு நான் குந்தியிருப்பேன்."

புவனேந்திரன் பேனாவை நிறுத்தினார். அந்தக் காம்பராவை இடித்துப் பத்து வருடமாகிறது. பதுளைப் பெண்ணுக்கு அந்தத் தொட்டில் கம்பி எப்படித் தெரியும்?

ஆனாலும் பழகிய கை படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்தது. "முகவரி இல்லாம அனுப்பினா திருப்பிருவாங்கம்மா. நான் என்ன செய்ய?" என்றபடி, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார்.

சுற்றி உட்கார்ந்திருந்த சங்கத்தார் படிவத்தை எட்டிப் பார்த்தார்கள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த மர்லியாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சேர், நம்ம சங்கத்து முகவரியப் போட்டு அனுப்ப ஏலாதா?"

புவனேந்திரன் அவளையே பார்த்தார். இத்தனை வருடத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போம் என்று மனம் கணக்குப் போடப் பார்த்துப் பயந்து நின்றது. எழுதியதை வெட்டிவிட்டு, முகவரிக் கட்டத்தில் சங்கத்தின் முகவரியை எழுதினார்.

"இதத்தான் சேர் நான் சொல்லிக் கொடுக்க வந்தேன். நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க," என்றாள் நிரஞ்சலா.

மற்றவர்கள் தேநீருக்கு எழுந்து போனார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், அப்பிடி ஒரு இராக்கம்மா உண்மையிலேயே இருக்காங்களா?"

"இருந்தாங்க சேர். அடுத்த மழைக்கே தவறிப்போயிட்டாங்க."

"இந்த விசயமெல்லாம் எந்த அறிக்கையில படிச்சீங்க?"

அவள் தன் கோப்பிலிருந்து பழுத்துப்போன ஒரு விண்ணப்பப் பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

பதினாறு வருடத்துக்கு முந்திய திகதி. 'முகவரி இல்லை, நிராகரிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து. அதற்கு மேலே, பிள்ளைகள் என்ற இடத்தில், அவரே எழுதியிருந்தார்: மகள், நிரஞ்சலா, வயது பதினொன்று.