கல்யாணப் படத்தில் குங்குமம்

"உங்க கல்யாண போட்டோவைக் குடுங்கம்மா, புது வீட்டு ஹாலுக்குப் பெருசா போட்டுக்கறேன்" என்று அன்புக்கரசி கேட்டு வாங்கிப் போனதிலிருந்து வெங்கடலட்சுமிக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்புக்கரசியின் அம்மா பாவாத்தாள் கடைசிவரை வெங்கடலட்சுமியின் தோட்டத்தில் வேலை பார்த்தவள்.

"சித்திரை வெயில்ல எடுத்த படம் அம்மணி. என்ற மூஞ்சில ஒரு துளி வேர்வை இருக்குதா பாரு!" என்று வழக்கமான பீற்றலோடுதான் கொடுத்தனுப்பினாள்.

கிரகப்பிரவேசத்தன்று ஹாலில் நுழைந்தவள் திடுக்கிட்டாள். சுவரை அடைத்து மாட்டியிருந்த அந்தப் படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டு, கண்ணாடியில் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"ஏனம்மணி, நானும் எங்கூட்டுக்காரரும் உசுரோடதான இருக்கறோம்? செத்தவங்களுக்கு வெக்கற மாதிரி வெச்சிருக்கறே!"

"ஐயோ, உங்களுக்கில்லீங்க. குங்குமம் எங்க இருக்குதுன்னு கிட்ட வந்து பாருங்க."

பந்தல்காலுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில் நின்ற பெண்ணின் நெற்றியில் இருந்தது அது. பாவாத்தாள்!

"அம்மா இருக்கற ஒரே போட்டோ இதுதானுங்க. தனியா எடுத்துப் பெருசாக்குனா மொகம் கலங்கிப்போகும்னு ஸ்டுடியோக்காரர் சொல்லிப்போட்டாருங்க. நீங்க குடுக்கலீன்னா எங்களுக்கு அம்மா மொகமே இல்லீங்க."

இத்தனை வருடமாகத் தினமும் பார்த்த படம். இந்த ஓரத்தை வெங்கடலட்சுமி பார்த்ததே இல்லை.

"கையில என்ன அது?"

"விசிறிங்க. முகூர்த்தம் முடியற வரைக்கும் உங்களுக்கு வீசிட்டிருந்ததா அம்மா சொல்லுமுங்க."

வெங்கடலட்சுமி அந்த ஓரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எனக்கு வேர்க்கவே இல்லை, பாவாத்தா."