காது முளைத்த வசனம்

"மூலத்துல இல்ல ஐயா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

காலையிலிருந்து ஏழாவது தடவையாக அந்த அம்மா இதைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் மூன்று பேர். வேதாகமத்தை எளிய தமிழில் திருத்தும் குழு. தலைவர் ஒரு போதகர். நான் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். அந்த அம்மா புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் படித்தவர், எட்டு மாதத்துக்கு முன்பு வந்து சேர்ந்தவர். எதற்கெடுத்தாலும் "மூலத்துல இல்ல" என்பார். "மூலம் இவ்வளவு படுத்தினா வைத்தியரைப் பார்க்க வேண்டியதுதானே" என்று நானும் தலைவரும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அது அச்சுக்குப் போகும். எல்லாம் முடிந்து, ஒரே ஒரு பக்கம் பாக்கி. நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துவிடுவார்.

சண்டை ஒரு வார்த்தைக்கு.

'விசுவாசம் கேள்வியினால் வரும்' என்பது பழைய தமிழ். அந்தக் காலத்தில் கேள்வி என்றால் கேட்டறிவது. இன்றைக்கு அது யாருக்குத் தெரிகிறது? ஒரு இளம் போதகர் இந்த வரியை வைத்து, கடவுளிடம் கேள்வி கேளுங்கள் என்று ஒரு மணி நேரம் பிளந்து கட்டினார். கடைசியில் ஒருத்தர் எழுந்து, "ஐயா, அப்போ பதிலால என்ன வரும்?" என்று கேட்டுவிட்டார்.

அதனால்தான் நான் 'காதால் கேட்பதால்' என்று திருத்தினேன். இனி ஒரு பயலும் குழம்ப முடியாது. அந்தக் 'காதால்' என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஏம்மா, காதால கேக்காம மூக்காலயா கேப்பாங்க?" என்றேன்.

"அந்தச் சொல்லுக்குக் கேக்கறதுன்னும் அர்த்தம் உண்டு, கேள்விப்பட்ட செய்தின்னும் அர்த்தம் உண்டு. காதுன்னு அங்க தனியா எதுவும் இல்ல. நாம சேக்கக் கூடாது."

"படிக்கிறவனுக்குப் புரியணுமா, வேண்டாமா?"

"புரியணும் ஐயா. ஆனா இல்லாதது புரியக் கூடாது."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் விட்டுக் கொடுங்கம்மா. நீங்க போடலைன்னா, உங்களைக் குழுவிலிருந்து எடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் போட்டு அனுப்ப வேண்டியதுதான். முகப்புல உங்க பேர்கூட வராது."

"பேர் வேண்டாம் ஐயா. காதும் வேண்டாம்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆளிடம் என்ன பேசுவது? போன மாதம் அவர் எழுதிய ஒரு பக்கத்தை நான் அடித்துத் திருத்தியிருந்தேன். அந்தக் கோபத்தை இன்றைக்குத் தீர்த்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மூன்றேமுக்காலுக்கு, நேற்றே கையெழுத்தான பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"முந்தின வசனத்தைப் பாருங்க. இதே சொல்தான். அங்க 'செய்தி'ன்னு போட்டிருக்கோம். கீழ மூணு பேர் கையெழுத்தும் இருக்கு. நேத்துச் செய்தியா இருந்ததுக்கு இன்னைக்கு எப்படி ஐயா காது முளைச்சது?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன். என் கையெழுத்தேதான்.

'காதால் கேட்பதால்' என்பதை அடித்து 'செய்தியால்' என்று எழுதினேன். பேனா நகரவே மாட்டேன் என்றது. மூன்று கையெழுத்தும் விழுந்தன. அச்சகத்து ஆள் வாங்கிக்கொண்டு போனார்.

ஆத்திரம் அடங்காமல் நான்தான் முதலில் கீழே இறங்கினேன். வாசலில் ஒருவர் வண்டியோடு நின்றிருந்தார். அந்த அம்மாவின் கணவர் என்று காவலாளி சொன்னார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சார், உங்க வீட்டம்மாவுக்குப் பிடிவாதம் ரொம்ப ஜாஸ்தி. ஒரு வார்த்தைக்காக ஒரு நாளையே முழுங்கிட்டாங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு மரியாதையாகச் சிரித்தார். பதில் சொல்லவில்லை. குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா இறங்கி வந்தார். நேராக அவர் முன்னால் போய் நின்று, வாய் திறக்காமல் விரல்களை மடக்கியும் விரித்தும் ஏதோ சொன்னார். அவர் நம்பாமல் தன் விரல்களால் திரும்பக் கேட்டார். அம்மா மறுபடியும் சொன்னார். அந்த மனிதரின் முகம் மலர்ந்துபோய், கண் கலங்கிவிட்டது.

வெட்கத்தோடு அம்மாவின் பக்கத்தில் போனேன்.

"சாருக்குப் பிறவியிலேயே கேக்காதாம்மா?"

"ஆமா ஐயா."

"இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காலையிலேயே அந்தக் காதை எடுத்திருப்பேனே."

"எடுத்திருப்பீங்க. அவர் மேல பரிதாபப்பட்டு எடுத்திருப்பீங்க" என்றார் வண்டியில் ஏறிக்கொண்டே. "வசனத்துலயே அவருக்கு இடம் இருக்கு ஐயா. அதை நான் ஏன் உங்ககிட்ட பிச்சையா கேக்கணும்?"