பக்கத்து சீட்

விவாகரத்து முடிந்த வருடம் சிவஞானம் இரண்டே சீட் உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். பக்கத்து சீட்டில் இதுவரை அவருடைய லேப்டாப் பை மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் ஆசைப்பட்டு, காருக்கு அகலமான அலாய் வீல் போட யாகூப் பாயின் கடைக்குப் போனார்.

பாய் பின்பக்கம் இரண்டு வீலை மாட்டிக் காட்டினார். டயர்கள் பாடியைத் தாண்டி அரை இஞ்ச் வெளியே, தோளை விரித்துக்கொண்டு நின்றன. சிவஞானத்துக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"அழகாத்தான் இருக்கு சார். ஆனா ரெண்டு பேர் உட்கார்ந்தா கார் இறங்கும், மட்கார்டுல உரசும். வீட்டுல இருந்து யாரையாவது வரச் சொல்லுங்க, உட்காரவெச்சுப் பார்த்துடலாம்."

சிவஞானம் போனை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளினார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேணாம் பாய். நான் மட்டும்தான் போவேன்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். சிவஞானம் காரை ஓட்ட, தெருமுனை வேகத்தடையில் டயர் கரகரவென்று உரசியது.

"இது சரிப்படாது சார். ஆஃப்செட்டை மாத்தி, வீலைக் கொஞ்சம் உள்ள தள்ளித்தான் போடணும்."

"ஒரு ஆளுக்கு உரசாதுல்ல? இதையே போடுங்க."

"இன்னிக்கு ஒரு ஆள். நாளைக்கு ஒருத்தர் ஏற மாட்டாங்களா?"

யாரும் ஏற மாட்டார்கள் என்று சொல்லத்தான் சிவஞானம் வாயெடுத்தார். ஆனால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, "ஏறுவாங்களா பாய்?" என்று கேட்டார்.

கடை வாசல் வந்து, இன்ஜினை அணைத்த பிறகும் பாய் இறங்கவில்லை.