புளியமரம் கிடந்த இடம்

இடஒதுக்கீட்டு மறியலுக்காக ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரத்தை அப்புறப்படுத்தி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தியாகதுருகம் ரோட்டில் அந்த இடம் வந்ததும் தாண்டவராயனின் கல்யாணக் குதிரை நின்றுவிடும். இன்றும் நின்றது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முன்னால் நின்று இழுத்தால் இன்னும் முரண்டு பிடிக்கும். அலுப்போடு அதை ஒரு வட்டம் சுற்றவிட்டு, கயிற்றைத் தளர்த்தினார். குதிரை கால்களை ஒவ்வொன்றாக உயரத் தூக்கி வைத்து அந்தப் பக்கம் போய் நின்றது.

"அந்த மரத்த இன்னுமா நெனச்சிக்கினு கீது?" என்றாள் டீக்கடை அஞ்சலாட்சி.

"இன்னாத்த நெனைக்கிறது? மறியல் முடிஞ்சப்புறந்தான இத்த வாங்கியாந்தேன்."

முகம் துடைக்கக் கயிற்றைக் கீழே போட்டார். அது தரையில் விழவில்லை. வெறும் ரோட்டுக்கு மேலே, முழங்கால் உயரத்தில், மரத்தின் பருமனுக்கு வளைந்து கிடந்தது.