துள்ளக்கூடாது

அம்புரோஸின் கழுத்தில் கொசு உட்கார்ந்தது. அவன் அடிக்கவில்லை.

அடித்தால் சத்தம் கேட்கும். ஓலைவேலிக்கு அந்தப் பக்கம் அவன் நாய் சுக்கான் படுத்திருக்கிறது.

சொந்த வீட்டுக்குப் பின்னால் திருடனைப்போல நிற்கிற தலையெழுத்து எந்த மனிதனுக்கும் வரக்கூடாது. தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்பு போய்த் திரும்பினால், தெருமுனையில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதுமே அந்த நாய் பாய்ந்து வந்து நெஞ்சில் ஏறும். போன கிறிஸ்மஸுக்கு எடுத்து இடுப்பில் கட்டிய புதுச் சாரத்தை முதல் நாளே கிழித்துவிட்டது. பிலோமி நாயையும் புருஷனையும் சேர்த்து வைதாள். அவன் ஏதோ பதக்கம் வாங்கியவனைப்போல அந்தக் கிழிசலோடு தெருவெல்லாம் சுற்றினான்.

அப்புறம்தான் இருமல் வந்தது. வயிறு உப்பியது. நாலு எட்டு வைத்தால் நாய்க்கு இளைத்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து அவனையும் பார்க்கச் சொன்னார். பொடிப்பொடியாகப் புழுக்கள் நெளிந்தன. கொசு ஒரு நாயிடம் ரத்தம் குடிக்கும்போது குஞ்சுப்புழுவையும் எடுத்துக்கொள்ளுமாம், இன்னொரு நாயைக் கடிக்கும்போது அதன் உடம்பில் விட்டுவிடுமாம். அது மாதக்கணக்கில் வளர்ந்து, இதயத்துக்குள் நூல்நூலாகச் சுருண்டு கிடக்குமாம்.

மெட்ராஸிலிருந்து மருந்து வரவழைத்து ஊசி போட்டார். புழு சாகும், ஆனால் செத்த புழு கரைய ஒரு மாதம் ஆகும் என்றார். அதுவரை நாய் ஓடக்கூடாது, துள்ளக்கூடாது. துள்ளினால் புழு நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் தன் கையில் இல்லை என்றார். யாரைக் கண்டால் அதிகம் துள்ளும் என்றும் கேட்டார்.

அம்புரோஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றிலிருந்து அவன் படுக்கை தோணியில். பொழுது சாயும்போது மட்டும் மேற்கு வேலிக்கு வந்து நிற்பான். கடல்காற்று வீட்டைத் தாண்டித்தான் அவனிடம் வரும், அவன் வாடை நாய்க்குப் போகாது. காற்றைப் பார்த்துப் பாய் விரித்தே வயதானவன், அதில் தப்பு விடுவானா என்ன.

பிலோமி முருங்கைக்குக் கழுநீர் ஊற்ற வருகிறவளைப்போல வேலியோரம் வருவாள். "சும்மாதான் படுத்துக் கெடக்கு. நீங்க போங்க" என்று கிசுகிசுப்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மறுநாள் வரை ஓட்டுவான்.

கொசு வயிறு சிவக்கக் குடித்தது. சுக்கானைக் கடித்ததாகக்கூட இருக்கலாம். தண்ணீருக்கு அலைகிற ஊர் என்று பீப்பாய் பீப்பாயாகப் பிடித்து வைத்தது அவன்தான். கொசு பெருகியது அதில்தான். அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்றைக்குப் பிலோமி வெறுங்கையோடு வந்தாள். வேலிப்படலைத் திறந்தாள்.

"உள்ள வாங்க."

டாக்டர் வந்து பார்த்திருப்பார், சரியாகிவிட்டது என்று சொல்லியிருப்பார். அம்புரோஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாய்ந்தால் முன்னங்கால் இரண்டையும் எப்படிப் பிடித்து அமர்த்துவது என்று யோசித்தபடி, சத்தம் வராமல் செருப்பைக் கழற்றினான்.

"செருப்பு கெடக்கட்டும், போட்டுக்கிட்டே வாங்க. இனி துள்ளாது."

பின்வாசலில் விரித்திருந்த சாக்கு மடிப்புக் கலையாமல் கிடந்தது. முருங்கையில் கட்டிய சங்கிலி மேற்கு வேலிவரை நீண்டு போயிருந்தது. வேலியடியில், ஓலை இடுக்கில் மூக்கை வைத்தபடி சுக்கான் கிடந்தது. அந்த இடத்து மணல் அதன் உடம்பளவுக்குக் குழிந்திருந்தது. ஒரே நாளில் விழுந்த குழி இல்லை.

அவன் குனிந்து அதே இடுக்கு வழியாகப் பார்த்தான். அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், அவன் நின்று நின்று மிதித்த தடம் தெரிந்தது.

பிலோமி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க வார நேரத்துக்கு முன்னாலயே அங்கன போயி படுத்துரும். நீங்க போறவரைக்கும் அசையாது. சொன்னா நீங்க வராம இருந்துருவீங்கன்னுதான் சொல்லல."