ஜோடியாகத்தான் கிடைக்கும்

"ரெண்டு ஃபிரிட்ஜை வாங்கிட்டுப் போய் நான் எங்கே வைக்கிறதும்மா, தலையிலயா?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் படியிறங்கிப் போய்விட்டார். காலையிலிருந்து இதையே கேட்டவர்களில் அவர் ஒன்பதாவது ஆள்.

மாடியில் விற்பனைப் பெண்ணாக நின்ற சர்க்கரைக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. சர்க்கரை என்பது அவள் பெயரில்லை. போன மாதம்வரை கீழே மளிகைப் பகுதியில் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம்.

எல்லாம் முதலாளி செய்த கூத்து. இருபது வருடமாகத் தள்ளுபடி விலையில் பருப்பும் சோப்பும் விற்றவர். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஒரே மந்திரத்தில் முன்னுக்கு வந்தவர். மாடி எடுத்து ஃபிரிட்ஜ், மிக்ஸி, கட்டில் என்று இறக்கியபோதும் அதே மந்திரத்தைத்தான் ஓதினார். எல்லாம் ஜோடியாகத்தான் கிடைக்கும், தனியாகக் கேட்டால் கிடையாது என்று வாசலிலேயே போர்டும் மாட்டிவிட்டார். சோப்பை இரண்டாக வாங்குகிறவன் ஃபிரிட்ஜை வாங்க மாட்டானா என்பது அவர் கட்சி. அவரிடம் யார் வாய் கொடுப்பது?

மூன்று வாரமாகியும் ஒரு ஜோடிகூட நகரவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் எதுவும் போகாவிட்டால் மாடியில் மாவு மூட்டை அடுக்கப்போவதாகக் காலையில் சொல்லிவிட்டார். சர்க்கரை பழையபடி தராசுக்கே போக வேண்டியதுதான்.

தராசு ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஆறு பேர் நெருக்கியடித்துப் படுக்கும் விடுதி அறையில் இருப்பவளுக்கு இந்த மாடி ஒரு வீடாகவே ஆகியிருந்தது. மத்தியான வெயில் கண்ணாடி வழியே வந்து கட்டில்மேல் சாய்ந்துகொள்ளும். சத்தம் குறைத்து வைத்த டிவிகளிலெல்லாம் ஒரே கடல் அலையடித்துக்கொண்டிருக்கும். மின்விசிறிகள் அரைத்தூக்கத்தில் சுற்றும். துணியை வைத்துத் துடைத்தபடியே அவள் மனசுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பாள். எந்த அலமாரியில் என்ன, எந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் டீ குடிப்பான் என்பதெல்லாம்கூட முடிவாகிவிட்டது. டீ குடிக்கிறவனுக்குத்தான் முகம் அமையவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பதி ஏறி வந்தார்கள். இருவருக்கும் நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். எல்லாமே இரண்டு இரண்டாகத்தானா என்று கணவர் கேட்டார். ஆமாம் என்று சர்க்கரை தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அந்த அம்மா.

சர்க்கரை தன் காதையே நம்பவில்லை.

இருவரும் அவசரமே இல்லாமல் சுற்றி வந்தார்கள். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டில் நிற்குமா என்று பார்த்தார். அந்த அம்மா மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு, இவருக்கு முதுகுவலி, இன்னும் கொஞ்சம் கெட்டியாக வேண்டும் என்றாள். ஒற்றைக் கட்டில் இரண்டு என்றதும் இரட்டைப் பெண் பிள்ளைகளோ என்று சர்க்கரை நினைத்தாள். மிக்ஸியும் இரண்டு என்றதும் மாடியில் ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம் போலிருக்கிறது என்று திருத்திக்கொண்டாள். எதுவாக இருந்தால் நமக்கென்ன?

"இந்த ஃபேனே இருக்கட்டும். சத்தம் வராது," என்றார் அவர். "சின்னச் சத்தம் கேட்டாலே நீ எழுந்து உட்கார்ந்துக்குவே."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தேடி எடுத்து, தானாக அணையுமா என்று மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். இவர் போட்டதைப் போட்டபடி போய்விடுவாராம். அதைக் கேட்டு அவர் அசடு வழிந்தார். தட்டு எடுக்கும்போது அந்த அம்மா பச்சையை அவர் கையில் கொடுத்தாள், அவர் நீலத்தை எடுத்து அவளுக்கு நீட்டினார். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சர்க்கரைக்கு மனசு நிறைந்துபோயிற்று. குடித்தனம் நடத்தினால் இப்படியல்லவா நடத்த வேண்டும்! அவளுடைய நாற்காலியில் டீ குடிப்பவனுக்கு ஒருவழியாக ஒரு முகம் வந்துவிட்டது, அந்த மனிதரின் சாயலில்.

தகவல் தெரிந்ததும் முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மாவு மூட்டை மாடிக்கு வராது, அவளும் இனி இங்கேதான் என்று அறிவித்துவிட்டு, தான் அப்போதே சொன்னதாகவும் சொல்லிக்கொண்டார். சர்க்கரைக்குக் கால் தரையில் பாவவில்லை. டெலிவரி சீட்டை எடுத்து விலாசம் கேட்டாள்.

"ரெண்டு வண்டி சொல்லிடுங்கம்மா," என்றார் அந்த அம்மாவுடன் வந்தவர்.

"எதுக்கு சார்? எங்க வண்டி பெரிசு. எல்லாம் ஒரே வண்டியில ஏறிடும்," என்றாள் சர்க்கரை பெருமையாக.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாதான் பேனாவை வாங்கி ஒரு விலாசத்தை எழுதினாள். கீழே ஒரு கோடு போட்டு இன்னொரு விலாசத்தையும் எழுதினாள்.

"போன வாரம் கோர்ட்டுல எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சும்மா," என்றாள். "வீட்டுல எல்லாமே ஒவ்வொண்ணுதான் இருந்துச்சு. 'நீயே வச்சுக்கோ'ன்னு இவர் சொன்னார், 'நீங்களே வச்சுக்குங்க'ன்னு நான் சொன்னேன், கடைசியில ரெண்டு பேருமே எதையும் எடுத்துக்கலை."